கண்ணாடித் தொட்டிக்கு வரும் கடல்

நுழையும்முன்

வீட்டுக் கூடத்தில் ஒளிரும் கண்ணாடித் தொட்டியில் ஒரு கடல்மீன் நீந்துகிறது. அங்கு வந்துசேரும் முன் அது பல கைகளையும் சில நாட்டு எல்லைகளையும் கடந்திருக்கும். சில உயிரினங்கள் அவ்வாறு எல்லை கடக்கும்போது உடன் ஓர் அனுமதிச்சீட்டும் செல்ல வேண்டும் என்பது உலக நாடுகள் கூடி வகுத்த விதி. அச்சீட்டில் எழுதப்பட வேண்டியது என்ன? அதை எழுதுவதற்கு வேண்டிய அறிவு எங்கிருந்து வருகிறது? கடற்குதிரையின் வரலாற்றையும் ஒரு சிறு இந்தோனேசிய மீனின் வரலாற்றையும் கொண்டு இவ்வினாக்களை இப்பாடம் ஆராய்கிறது.

இருவகைத் தொட்டிகள்

வண்ணமீன் கடைகளில் இருவகைத் தொட்டிகள் அடுத்தடுத்து நிற்பதைக் காணலாம். ஒன்றில் தங்கமீன், கப்பி, மோலி, சண்டைமீன் முதலியவை நீந்தும். இவை நன்னீர் மீன்கள். மற்றொன்றில் கோமாளி மீனும், நீலமும் மஞ்சளுமாக மின்னும் பவளப்பாறை மீன்களும் இருக்கும். அத்தொட்டியின் நீர் உப்புநீர். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பொழுதுபோக்கின் இரு வடிவங்கள். ஆனால் அம்மீன்கள் வந்த வழி வேறுவேறானது.

நன்னீர் வண்ணமீன்களுள் பெரும்பாலானவை பண்ணைகளிலேயே பிறந்தவை. சென்னைக் கொளத்தூர்ப் பகுதி இத்தகைய மீன்வளர்ப்புக்குப் பெயர்பெற்றது. பல தலைமுறைகளாகத் தொட்டியிலேயே பிறந்து தொட்டியிலேயே வளர்ந்த தங்கமீன் ஒன்றை விலைக்கு வாங்குவதால் எந்த ஆற்றுக்கும் இழப்பில்லை. கடல் வண்ணமீன்களின் நிலை அதுவன்று. அவற்றுள் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடித்துவரப்படுபவையே.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் அவற்றின் இளம்பருவத்தில் இருக்கிறது. பவளப்பாறை மீன்கள் பலவற்றின் முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி, கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் நீரோட்டத்தோடு மிதந்து அலைகிறது. அது உண்பதோ தன்னினும் நுண்ணிய மிதவையுயிரிகளை. அந்த உணவையும் சூழலையும் தொட்டிக்குள் உருவாக்குவது எளிதன்று. கோமாளி மீன் போன்ற சிலவற்றில் அறிவியலாளர் வெற்றி கண்டுள்ளனர். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலும் கோமாளி மீன்கள் இனப்பெருக்கம் செய்விக்கப்பட்டுள்ளன. எனினும் இத்தகைய மீன்கள் சிலவே. எஞ்சியவற்றுக்குப் பண்ணை என்பது கடலே.

அந்தப் பண்ணையிலிருந்து எவ்வளவு எடுக்கப்படுகிறது? 2004 மே முதல் 2005 மே வரை அமெரிக்கா என்னும் ஒரு நாட்டிற்குள் வந்த கடல் வண்ணமீன்களின் சரக்குத்தாள்களை ஆய்வாளர் சிலர் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினர். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து இலட்சம் மீன்கள். 1,800க்கும் மேற்பட்ட இனங்கள். பெரும்பகுதி பிலிப்பைன்சிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தது. ஓர் ஆண்டின் கணக்கை அறிவதற்கே மனிதர் அமர்ந்து தாள்களைப் புரட்ட வேண்டியிருந்தது என்பதை இங்குக் கருத வேண்டும்.

பிடிக்கும் முறையும் கவலைக்குரியது. 1960களில் பிலிப்பைன்சில் சோடியம் சயனைடைக் கரைத்துக் குப்பிகளில் அடைத்துப் பவள இடுக்குகளில் பீய்ச்சும் வழக்கம் தோன்றியது. மயங்கிய மீனை எளிதில் எடுத்துவிடலாம். ஆனால் அதே நஞ்சு அருகிலுள்ள பவள உயிரிகளையும் சிறுமீன்களையும் தாக்கும். பிடிபட்ட மீனும் பல நேரங்களில் தொட்டியை அடைந்த சில நாள்களில் மடியும். நாடுகள் இதைச் சட்டத்தால் தடை செய்தும் வழக்கம் முற்றாக ஒழிந்தபாடில்லை.

எல்லையில் கேட்கப்படும் கேள்வி

1973ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. அழிவின் விளிம்பை நெருங்கும் காட்டு விலங்குகள், தாவரங்கள் ஆகியவற்றின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்துவது அதன் நோக்கம். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து அது ‘சைட்டிஸ்’ என்று வழங்கப்படுகிறது. 1975 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1976இல் அதில் இணைந்தது. இன்று 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதன் உறுப்பினர்கள். அது கையெழுத்தான மார்ச் 3ஆம் நாளே உலகக் காட்டுயிர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இவ்வுடன்படிக்கையைப் பற்றிப் பொதுவாக நிலவும் ஒரு தவறான எண்ணத்தை முதலில் களைய வேண்டும். ஒரு நாட்டின் கரையோரத்தில் மீன் பிடிப்பதை இது தடுப்பதில்லை. அம்மீனை உள்ளூரில் விற்பதையும் தடுப்பதில்லை. அதற்கான அதிகாரம் அந்தந்த நாட்டின் சட்டத்திற்கே உண்டு. உயிரினமோ அதன் உறுப்போ எல்லையைக் கடக்கும் இடத்தில் மட்டுமே சைட்டிஸ் வந்து நின்று கேள்வி கேட்கிறது.

அக்கேள்வியின் கடுமை உயிரினத்துக்கு உயிரினம் மாறும். உடன்படிக்கைக்கு மூன்று பின்னிணைப்புகள் உண்டு. கடலாமைகள், கடற்பசு ஆகியவை முதலாம் பின்னிணைப்பில் உள்ளன. காட்டிலும் கடலிலும் பிடிக்கப்பட்ட இவற்றை வணிகத்திற்காக எல்லை கடத்த இடமே இல்லை. மூன்றாம் பின்னிணைப்பு, ஒரு நாடு தன் எல்லைக்குள் காக்கும் உயிரினத்திற்காகப் பிற நாடுகளின் உதவியைக் கேட்டுப் பதிவு செய்வது. மீன்தொட்டிக்கு மிக நெருக்கமானது இரண்டாம் பின்னிணைப்பு. கல்பவளங்கள், இராட்சதச் சிப்பிகள், கடற்குதிரைகள் ஆகியவை அதில்தான் இடம்பெற்றுள்ளன. இவற்றை வணிகம் செய்யலாம். ஆனால் ஏற்றுமதி செய்யும் நாடு அனுமதிச்சீட்டு வழங்க வேண்டும். அச்சீட்டை வழங்கும் முன் அந்நாட்டின் அறிவியல் அமைப்பு ஒன்று, ‘இந்த அளவு எடுப்பதால் இவ்வினம் இயற்கையில் நிலைத்திருப்பதற்குக் கேடு நேராது’ என்று ஆராய்ந்து உறுதி கூற வேண்டும். இதைக் கேடின்மை உறுதி எனலாம்.

உடன்படிக்கையின் உயிர்நாடி இவ்வொரு தொடரே. வாசிக்க எளியது, நிறைவேற்ற அரியது. ‘கேடு நேராது’ என்று கூறக் கடலில் எத்தனை இருக்கின்றன, ஆண்டுக்கு எத்தனை பிறக்கின்றன, எத்தனை பிடிக்கப்படுகின்றன, பிடிப்பவற்றுள் முட்டையிடும் பருவத்தை அடையாதவை எத்தனை என்பன தெரிந்திருக்க வேண்டும். மரத்தை எண்ணலாம்; புலியின் கால்தடத்தையும் எண்ணலாம். கலங்கிய நீரில் கடற்புல்லைப் பற்றிக்கொண்டு அசையாது நிற்கும் விரலளவு உயிரை எவ்வாறு எண்ணுவது?

கடற்குதிரை பட்டியலேறியது

கடற்குதிரை தோற்றத்தால் மட்டுமன்று, வாழ்க்கையாலும் தனித்த மீன். பெண் தன் முட்டைகளை ஆணின் வயிற்றுப் பையில் இடுகிறது. ஆண் அவற்றைச் சுமந்து குஞ்சுகளை ஈனுகிறது. பல இனங்களில் ஒரு குறிப்பிட்ட ஆணும் பெண்ணும் பருவம் முழுவதும் இணைபிரியாது வாழ்கின்றன. வேகமாக நீந்த இயலாது; ஒரு சிறு பரப்பிலேயே தங்கிவிடும். இப்பண்புகள் யாவும் பிடிப்பவருக்கு வாய்ப்பாகவும் பிடிபடும் இனத்திற்கு இடராகவும் அமைந்தன. இணையில் ஒன்று பிடிபட்டால் மற்றது உடனே வேறு துணையைத் தேடிக்கொள்வதில்லை. ஓரிடத்தில் அழிந்தால் வேறிடத்திலிருந்து விரைவில் வந்து நிரப்புவதும் இல்லை.

கனடாவைச் சேர்ந்த உயிரியலாளர் அமண்டா வின்சென்ட் கடலுக்கடியில் கடற்குதிரைகளின் வாழ்க்கையை ஆராய்ந்தவர். அவ்வாய்வே அவரை வணிகத்தின் பக்கம் திருப்பியது. 1996இல் வெளியான அவரது அறிக்கை, 1990களின் நடுவில் ஆண்டுதோறும் சுமார் இரண்டு கோடிக் கடற்குதிரைகள் வணிகத்தில் புழங்கியதாக மதிப்பிட்டது. அவற்றுள் மிகப் பெரும்பங்கு உலர்த்தப்பட்டுக் கிழக்காசிய மரபு மருத்துவத்திற்குச் சென்றது. அழகுப் பொருளாக விற்கப்பட்டவையும் உண்டு. உயிருடன் தொட்டிகளுக்குச் சென்றவை எண்ணிக்கையில் சிறுபங்கே எனினும் அவையும் இலட்சக்கணக்கானவை. தொட்டியில் கடற்குதிரை வளர்ப்பது கடினம். உயிருள்ள சிற்றிரையையே அது பெரிதும் நாடும். வாங்கியவர்கள் கைகளில் பட்டினியாலும் நோயாலும் மடிந்தவை ஏராளம்.

2002இல் சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் கூடிய சைட்டிஸ் மாநாடு, கடற்குதிரை இனங்கள் அனைத்தையும் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்த்தது. மீன்களை இப்பட்டியலில் சேர்ப்பதை அதுவரை பல நாடுகள் விரும்பவில்லை. மீன் உணவுப்பொருள், அதை ஆள வேறு அமைப்புகள் உள்ளன என்பது அவற்றின் வாதம். எனவே கடற்குதிரைக்குக் கிடைத்த இடம் ஒரு கதவைத் திறந்தது எனலாம். நாடுகள் ஆயத்தமாவதற்காக விதி நடைமுறைக்கு வருவது 2004 மே மாதம் வரை தள்ளிவைக்கப்பட்டது. ஜப்பான், இந்தோனேசியா உள்ளிட்ட சில நாடுகள் இம்முடிவு தம்மைக் கட்டுப்படுத்தாது என்று விலக்கும் பதிவு செய்தன. உடன்படிக்கையே அதற்கு இடம் தருகிறது.

பத்து சென்டிமீட்டர்

எண்ணிக்கை தெரியாத கடலில் கேடின்மை உறுதியை எவ்வாறு தருவது என்ற சிக்கலுக்கு, அறிவியலாளர் ஓர் எளிய வழியை முன்வைத்தனர். தலையிலுள்ள முடிபோன்ற பகுதியின் உச்சியிலிருந்து, நீட்டிய வாலின் நுனிவரை அளக்க வேண்டும். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்தவற்றை ஏற்றுமதி செய்யலாகாது. பல இனங்கள் அந்த உயரத்தை எட்டும் முன் ஒருமுறையேனும் இனப்பெருக்கம் செய்திருக்கும் என்பது இதன் அடிப்படை. அளவுகோல் ஒன்றே போதும். மீனவரும் அளக்கலாம், வணிகரும் அளக்கலாம், சுங்க அலுவலரும் அளக்கலாம்.

கையால் பிடிப்பவருக்கு இது பொருந்தும். சிறியதைக் கண்டால் அவர் விட்டுவிடலாம். ஆனால் வணிகத்திற்கு வரும் கடற்குதிரைகளுள் மிகப் பெரும்பாலானவை கையால் பிடிக்கப்படுபவை அல்ல. இறாலுக்காகக் கடலடியைத் துழாவிச் செல்லும் இழுவைமடிகளில் தற்செயலாகச் சிக்குபவை. மடி அளவுபார்த்து அள்ளுவதில்லை. தளத்தில் கொட்டப்படும்போது அவற்றுள் பல முன்பே இறந்திருக்கும். பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யாமல் தடுக்க விதிக்கு முடியும். அது கடலுக்கு உயிருடன் திரும்புமாறு செய்ய முடியாது. நல்ல விதியொன்று தவறான கருவியின்முன் நிற்கும் காட்சி இது.

தெரிந்து தெளிவோம்

சைட்டிஸ் அனுமதிச்சீட்டில் உயிரினத்தின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றோடு அது எங்கிருந்து வந்தது என்பதைக் குறிக்கும் ஆங்கில எழுத்து ஒன்றும் இடம்பெறும். ‘டபிள்யூ’ என்பது இயற்கையிலிருந்து பிடிக்கப்பட்டதைக் குறிக்கும். ‘எஃப்’ என்பது பண்ணையில் பிறந்தது. ஆனால் முழு வளர்ப்பினத்திற்குரிய விதிகளை நிறைவு செய்யாதது. ‘சி’ என்பது பெற்றோரும் வளர்ப்பிடத்திலேயே இணைந்து ஈன்றது. அவ்வளர்ப்பிடம் இயற்கையிலிருந்து மேலும் மேலும் எடுக்காமலேயே தலைமுறைகளைத் தொடரவல்லது என்று மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் எழுத்தின் எடை

விதி நடைமுறைக்கு வந்தபின் உயிருள்ள கடற்குதிரை வணிகத்தில் தெளிவான மாற்றம் நிகழ்ந்தது. முன்பு தொட்டிகளுக்குச் சென்றவை பெரும்பாலும் கடலில் பிடிபட்டவை. 2004க்குப் பின் பண்ணையில் பிறந்தவை மிகுந்தன. ஆஸ்திரேலியா, வியட்நாம், இலங்கை ஆகிய நாடுகளின் பண்ணைகள் இதில் பங்கு கொண்டன. பண்ணைக் குஞ்சுகள் உறையவைத்த இரையை உண்ணப் பழகியவை. எனவே வளர்ப்போர் கையிலும் நீண்ட நாள் வாழ்ந்தன. பொழுதுபோக்காளர் நலனும் இனத்தின் நலனும் ஒரே திசையில் சென்ற அரிய இடம் இது. சைட்டிஸ் தனித்து இதைச் செய்ததென்று கூறுவது மிகை. வளர்ப்பு நுட்பமும் அக்காலத்தில் முன்னேறியது. ஆயினும் கடலில் பிடித்ததற்கு உறுதிச்சான்று தேடி அலைவதைவிடப் பண்ணையில் வளர்ப்பது எளிது என்னும் நிலையை உருவாக்கியது அவ்விதியே.

ஆனால் எல்லாம் அந்த ஓர் எழுத்தைச் சார்ந்திருக்கிறது. கடலில் பிடித்ததைச் சில நாள் தொட்டியில் வைத்துப் பண்ணையில் பிறந்ததென்று எழுதிவிட்டால் கண்டறிவது எவ்வாறு? விமான நிலையத்தின் சரக்குக் கூடத்தில் நிற்கும் அலுவலரை எண்ணிப் பார்க்கலாம். அவர்முன் நீரும் உயிர்வளியும் நிரப்பிய நெகிழிப் பைகள் பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டுள்ளன. உயிருள்ள சரக்கு, தாமதித்தால் இறக்கும். பைக்குள் இருக்கும் கடற்குதிரை எந்த இனம் என்று கூறவே பயிற்சி வேண்டும். நிறத்தைக் கொண்டு கூற இயலாது. சூழலுக்கேற்ப அது மாறும். பவளத்தில் இச்சிக்கல் இன்னும் பெரிது. உயிருள்ள கல்பவளங்கள் பலவற்றை இனம்வரை பிரித்தறிவது அறிஞருக்கே கடினம் என்பதால், குறிப்பிட்ட சில பவளங்களுக்குப் பேரினத்தின் பெயரை மட்டும் எழுதினால் போதும் என்று உடன்படிக்கை நாடுகளே இசைந்துள்ளன. அலுவலர் இறுதியில் தாளைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

தாள் பொய்க்கும் இடங்களைத் தேடிச் சரிபார்க்கவும் சைட்டிஸில் ஒரு வழி உண்டு. ஓர் இனத்தின் ஏற்றுமதி ஐயத்திற்கு இடமளிக்கும் அளவில் இருந்தால், அந்நாடு தன் கேடின்மை உறுதி எதன் அடிப்படையில் தரப்பட்டது என்று விளக்க வேண்டும். விளக்கம் நிறைவளிக்காவிட்டால் அந்நாட்டிலிருந்து அவ்வினத்தை வாங்க வேண்டாம் என்று பிற நாடுகளுக்கு அறிவுறுத்தப்படும். 2013இல் வியட்நாமின் கடலில் பிடிக்கப்படும் ஒரு கடற்குதிரை இனத்திற்கு அவ்வாறு தடை வந்தது. உலகின் மிகப் பெரிய ஏற்றுமதியாளராக இருந்த தாய்லாந்து, 2016இல் தன் கடற்குதிரை ஏற்றுமதியைத் தானே நிறுத்திவைத்தது.

இதன் விளைவு எதிர்பார்த்தபடி அமையவில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஹாங்காங் சந்தையில் உலர்ந்த கடற்குதிரை விற்போரிடம் ஆய்வாளர்கள் வினவினர். விற்பனைக்கு இருந்தவற்றுள் ஏறத்தாழ 95 விழுக்காடு, ஏற்றுமதிக்குத் தடையுள்ள நாடுகளிலிருந்து வந்தவை என்று அவ்வணிகர்களே கூறினர். உயிருள்ள கடற்குதிரை நீர்ப்பையோடு பயணம் செய்ய வேண்டும், மறைப்பது கடினம். உலர்ந்ததைக் கருவாட்டோடு கலந்து அனுப்பிவிடலாம். ஒரே உயிரினம், ஒரே விதி. தொட்டிக்குச் செல்லும் வழியில் வென்ற விதி, மருந்துக்கடைக்குச் செல்லும் வழியில் தடுமாறியது.

தடை என்னும் எளிய வழி

‘இவ்வளவு இடர்ப்பாடு எதற்கு? முற்றாகத் தடை செய்துவிட்டால் என்ன?’ என்ற கேள்வி இயல்பாக எழும். இரு நாடுகளின் அனுபவம் இதற்கு விடை தேட உதவும்.

பிலிப்பைன்சின் போகோல் மாகாணத்தில் ஹண்டுமோன் என்னும் சிற்றூர் உண்டு. அங்குள்ள மீனவர் இரவில் படகின் முன்புறம் விளக்கேற்றி, கடற்புல் திட்டுகளில் மூழ்கிக் கடற்குதிரைகளைக் கையால் பிடித்து வாழ்ந்தனர். 1990களின் நடுவில் அமண்டா வின்சென்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அவ்வூர் மக்களோடு இணைந்தனர். ஊரார் தம் கடலின் ஒரு பகுதியைப் பிடிப்பில்லாக் காப்பிடமாக ஒதுக்கினர். சூல்கொண்ட ஆண் கடற்குதிரை கிடைத்தால் கடலில் அமைத்த கூண்டில் விட்டுக் குஞ்சு ஈன்றபின் விற்கும் முறையையும் முயன்று பார்த்தனர். விதி வருவதற்கு முன்னரே விதியின் பொருளை உணர்ந்து செயல்பட்டவர்கள் அவர்கள்.

ஆனால் 1998இல் அந்நாடு இயற்றிய மீன்வளச் சட்டம், சைட்டிஸ் பட்டியலில் உள்ள நீர்வாழ் உயிரினங்களைப் பிடிப்பதையே குற்றமாக்கியிருந்தது. எனவே கடற்குதிரை இரண்டாம் பின்னிணைப்பில் ஏறியதும், ஒழுங்குபடுத்திய வணிகத்திற்கு இடம் தரும் பன்னாட்டு விதி, பிலிப்பைன்சில் முழுத் தடையாக மாறிவிட்டது. விளக்குப் படகில் சென்றவர் ஒரே நாளில் குற்றவாளியானார். பிடிப்பு நிற்கவில்லை, பிடித்ததைச் சொல்லும் வழக்கம் நின்றது. அச்சட்டப் பிரிவு 2015இல் திருத்தப்பட்டது.

இந்தியா அதற்கும் முன்பே, 2001இல், கடற்குதிரைகளைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கும் யானைக்கும் உரிய காவல் அது. மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும் இந்தியக் கடற்குதிரைகளின் முதன்மையான வாழிடங்கள். தடைக்கு முன் இராமநாதபுரம் மாவட்டக் கரையில் மூழ்கிப் பிடித்து விற்று வாழ்ந்தோர் இருந்தனர். அவ்வாறு தேடிப் பிடிக்கும் தொழில் தடையால் பெரிதும் குறைந்தது. ஆனால் பாக் நீரிணையில் இழுவைமடிகள் ஓய்வதில்லை. அவற்றில் கடற்குதிரைகள் இன்றும் இலட்சக்கணக்கில் சிக்குகின்றன என்று கள ஆய்வுகள் காட்டுகின்றன. உலர்ந்த கடற்குதிரைகள் கடத்தலில் பிடிபட்ட செய்தியும் அவ்வப்போது நாளிதழில் வருகிறது.

தடை தவறென்று இதற்குப் பொருளில்லை. கணக்கிட ஆளும் பொருளும் இல்லாதபோது தடையே அறிவுடைய முதல் நடவடிக்கையாகலாம். ஆனால் தடைக்கு ஒரு மறைவான விலை உண்டு. எண்ண வேண்டிய கட்டாயத்தை அது நீக்கிவிடுகிறது. ஏற்றுமதிக்கு இடமிருந்தால் எத்தனை என்று எவரேனும் கேட்டே ஆக வேண்டும். ஏற்றுமதியே இல்லையென்று தாள் கூறும்போது கேட்பார் இல்லை. மடியில் சிக்கியதைக் கரையில் சொல்லும் மீனவருக்குப் பரிசு வழக்கு மட்டுமே என்றால் அவர் சொல்லப் போவதும் இல்லை.

பட்டியலேறாத மீன்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவுக்குக் கிழக்கே பாங்காய் என்னும் தீவுக்கூட்டம் உள்ளது. வெள்ளி நிற உடலில் கரும்பட்டைகளும் வெண்புள்ளிகளும் நீண்ட துடுப்புகளும் கொண்ட ஒரு சிறுமீன் அங்கு வாழ்கிறது. பாங்காய் கார்டினல் மீன் என்பது அதன் பெயர். 1920இல் சுவீடன் நாட்டு விலங்கியலாளர் வால்டர் கௌடர்ன் அதைச் சேகரித்தார். 1933இல் அவர் பெயரால் அறிவியல் பெயரிடப்பட்டது. பின் அறுபது ஆண்டுகள் உலகம் அதை மறந்திருந்தது. 1990களின் நடுவில் மீனியலாளர் ஜெரால்டு ஆலன் அதை மீண்டும் கண்டு எழுதினார். கட்டுரையோடு வந்த படத்தின் அழகே அம்மீனுக்குப் பகையாயிற்று. சில ஆண்டுகளுக்குள் ஆண்டுக்கு ஆறு ஏழு இலட்சம் அளவில் பிடிக்கப்படுவதாக மதிப்பிடும் நிலை வந்தது.

இம்மீனின் வாழ்க்கை கடற்குதிரையை நினைவூட்டும். தந்தை முட்டைகளை வாயில் ஏந்திக் காக்கிறது. குஞ்சு பொரித்த பின்னும் சில நாள் வாயிலேயே வைத்திருக்கிறது. ஏறத்தாழ ஒரு மாதம் உணவின்றி இருக்கும். ஒருமுறைக்குச் சில பத்துக் குஞ்சுகளே. பிற மீன்களைப்போல் இதன் இளவுயிரி கடலோட்டத்தில் மிதந்து பரவுவதில்லை. தந்தையின் வாயைவிட்டு வந்த குஞ்சு அருகிலேயே தங்கிவிடும். எனவே ஒரு தீவின் கரையில் அழிந்தால் அடுத்த தீவிலிருந்து வந்து சேராது. சில கிலோமீட்டர் இடைவெளியில் உள்ள கூட்டங்கள்கூட மரபணுவில் வேறுபட்டிருக்கின்றன.

2007இல் இவ்வினம் அழியும் நிலையிலுள்ளதாகச் செம்பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாண்டே ஹேக் நகரில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் அதை இரண்டாம் பின்னிணைப்பில் சேர்க்க அமெரிக்கா முன்மொழிந்தது. மீன் வாழும் நாடான இந்தோனேசியா இசையவில்லை. முன்மொழிவு திரும்பப் பெறப்பட்டது. 2016இல் ஜோகன்னஸ்பர்க் மாநாட்டில் ஐரோப்பிய ஒன்றியம் மீண்டும் முன்மொழிந்தது. மீண்டும் திரும்பப் பெறப்பட்டது. இந்தோனேசியா தானே காக்கும் நடவடிக்கைகளை எடுத்து அறிக்கை தர வேண்டும் என்ற முடிவு ஏற்பட்டது. அதே மாநாட்டில் மெக்சிகோ தன் கடலில் வாழும் கிளாரியன் ஏஞ்சல் மீனை முன்மொழிந்து எதிர்ப்பின்றிப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சொந்த நாடே கேட்பதற்கும் தொலைநாடுகள் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டை இவ்விரு மீன்களும் காட்டுகின்றன.

இந்தோனேசியாவின் தயக்கத்தை வெறும் வணிக ஆசையென்று தள்ளிவிட முடியாது. மீனை வாங்குபவர் செல்வ நாட்டினர். அழிகிறதென்று பட்டியலிடக் கேட்பவரும் அவர்களே. சான்று தேடும் சுமையும் வருவாய் இழப்பும் தீவு மக்களின் தலையில் விழுகின்றன. மேலும் இம்மீனைப் பண்ணையில் வளர்க்க முடியும் என்று கண்டபின், தாய்லாந்தில் வளர்ந்த குஞ்சுகள் அமெரிக்கத் தொட்டிகளை நிரப்பத் தொடங்கின. கடலுக்கு அது நல்ல செய்தி. பாங்காய் மீனவருக்கோ தம் கடலின் மீன் தம் கைக்கு ஒரு காசும் தராமல் உலகைச் சுற்றுவது நல்ல செய்தியாகுமா? இதற்கு விடை தரும் பத்தி எந்தப் பின்னிணைப்பிலும் இல்லை.

2018இல் இந்தோனேசிய அரசு இம்மீனுக்கு வரையறுத்த பாதுகாப்பு அளித்தது. இனப்பெருக்கம் மிகும் மாதங்களில் பாங்காய்க் கடலில் இதைப் பிடிக்கக் கூடாது. அம்மாதங்களில் மீனவர் படகுகள் இம்மீனைத் தேடிச் செல்லாதிருக்கலாம். ஆனால் அம்மீன் எதிரியிடமிருந்து தப்ப ஒளிவது, நீண்ட முட்களைச் சிலிர்த்து நிற்கும் கடல் முள்ளெலிகளின் நடுவிலும் கடற்சாமந்திகளின் இதழ்களிடையிலும். அந்த முள்ளெலிகளையும் சாமந்திகளையும் தீவினர் உணவுக்காகவும், வளர்ப்பு மீன்களின் இரைக்காகவும் அள்ளி வருகின்றனர். புகலிடம் போன இடத்தில் குஞ்சுகளைப் பெரிய மீன்கள் தின்றுவிடுகின்றன. சில வேளைகளில் தம்மினப் பெரிய மீன்களே தின்றுவிடுகின்றன. ஓலைக்கூடையில் கரைசேரும் அந்த முள்ளெலிகள் எந்த நாட்டின் எல்லையையும் கடப்பதில்லை. அவற்றுக்கு எந்தச் சீட்டும் தேவையில்லை.

கற்பவை கற்றபின்

அருகிலுள்ள வண்ணமீன் கடைக்குச் சென்று, அங்குள்ள மீன்களுள் பண்ணையில் பிறந்தவை எவை, கடலில் பிடித்தவை எவை என்று கேட்டறிந்து பட்டியலிடுக. கடைக்காரர் அதை எவ்வாறு அறிந்தார் என்பதையும் கேட்டு எழுதுக.

‘கடற்குதிரைக்கு வேண்டியது முழுத் தடையா, ஒழுங்குபடுத்திய வணிகமா?’ என்னும் பொருளில், விசைப்படகு மீனவர், வனத்துறை அலுவலர், கடலுயிர் ஆய்வாளர் ஆகிய மூவரின் நிலைகளிலிருந்து வகுப்பில் கலந்துரையாடுக.